படகில் வந்த ரயில்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்போது அங்கே நிற்கிற பள்ளிப் பிள்ளைகள் வேகன்களை எண்ணுவார்கள். நானும் எண்ணியிருக்கிறேன். முப்பதைத் தாண்டியதும் கணக்குக் குழம்பிவிடும். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாள் பெட்ரோல் டேங்கர், ஒரு நாள் கன்டெய்னர், ஒரு நாள் நிலக்கரி. அந்தச் சரக்கு யாருடையது, யாருக்குப் போகிறது என்பது கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை புறப்பட்ட இடம் அந்தக் கேட்டிலிருந்து அதிகத் தூரத்தில் இல்லை. 1856 ஜூன் 28 அன்று சென்னை கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் ராயபுரத்துக்கும் ஆற்காடு நிலையத்துக்கும், அதாவது இன்றைய வாலாஜா ரோட்டுக்கும், இடையே சுமார் 100 கிலோமீட்டர் தூரம் வண்டிகள் ஓடின. பம்பாய் போரி பந்தரிலும் தானேயிலும் 1853இல் எழுந்த நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. அதனால் நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெருமை ராயபுரத்துக்கு வந்து சேர்ந்தது. ராயபுரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பெருமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்தப் பாதை யாருடைய தேவைக்காகப் போடப்பட்டது, அந்தத் தேவை மாறியபோதெல்லாம் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கரைக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்க்காமல், அந்தச் சிவப்புக் கட்டடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கதையை 1856க்கும் முன்னாலிருந்தே தொடங்க வேண்டும். நகரத்துச் சாலைகளுக்கு வேண்டிய செம்பூராங்கல்லைக் கொண்டுவர 1837 வாக்கில் செங்குன்றத்தில் ஒரு சிறு இரும்புப் பாதை போடப்பட்டது. இந்தியாவில் தண்டவாளம் கண்ட முதல் இடங்களில் அது ஒன்று. அதன் பின்னால் இருந்த பொறியாளர் ஆர்தர் காட்டன். பின்னாளில் கோதாவரி அணையைக் கட்டிப் புகழ்பெற்ற அதே காட்டன். நாட்டுக்கு ரயிலைவிட வாய்க்கால் மேல் என்று ஆயுள் முழுக்க வாதாடியவரும் அவரே. தண்டவாளத்தைத் தன் கையால் போட்டுப் பார்த்த ஒருவரின் வாதம் அது என்பதை அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காட்டன் சொன்ன வாய்க்காலுக்கும் வடசென்னையே சாட்சி. சென்னையையும் எண்ணூரையும் இணைத்த கால்வாய் 1806 வாக்கிலேயே வெட்டி முடிக்கப்பட்டுவிட்டது. அப்போது அதன் பெயர் காக்ரேன் கால்வாய். பிறகு அது வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, 1876-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்களின் உழைப்பால் பெரிதாகி, 1878இல் கவர்னரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. எண்ணூர், அத்திப்பட்டு உப்பளங்களின் உப்பு, நெல்லூர்ப் பக்கத்து விறகு, சுண்ணாம்புக் கிளிஞ்சல் எல்லாம் அதில்தான் வந்தன. வந்த உப்பு இறங்கிய இடத்தை இன்றும் சால்ட் கோட்டர்ஸ் என்கிறோம். கொட்டாரம் என்றால் தமிழில் களஞ்சியம். படகில் வந்த உப்பு அங்கே ரயிலேறியது. நீரும் இரும்பும் ஒன்றுக்கொன்று துணையாக இருந்த காலம் அது. நீண்ட நாள் நீடிக்கவில்லை.

மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்கான முதல் முயற்சி 1845இல் லண்டனில் நடந்து கலைந்தது. 1850களின் தொடக்கத்தில் கம்பெனி மறுபடி உருவாகி, கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டது. வட இந்தியாவில் ஹவுராவிலிருந்து டில்லி நோக்கிப் போன ஈஸ்ட் இண்டியன் ரயில்வேக்குக் கிடைத்த அதே வகை ஒப்பந்தம்தான் இதுவும். நிலம் இலவசம். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வரை வட்டிக்கு அரசாங்கம் பொறுப்பு. லாபம் வந்தால் பங்கு. நஷ்டம் வந்தால் இந்திய வரிப்பணம் ஈடுகட்டும். பொருளாதார வரலாற்றாசிரியர் டேனியல் தார்னர் 1950இல் எழுதிய நூல் இந்த ஏற்பாட்டைக் கோப்புகளிலிருந்து பிரித்துக் காட்டியது. அதற்கு வெகுகாலம் முன்பே தாதாபாய் நவ்ரோஜியும் ரொமேஷ் சந்திர தத்தும் இதே இடத்தில் விரல் வைத்திருந்தார்கள். வட்டி உறுதியாகிவிட்ட பிறகு சிக்கனமாகக் கட்ட வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இல்லை என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். இதை இன்றுவரை யாரும் முழுதாக மறுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வடக்கத்திப் பாதைக்கு ராணிகஞ்ச் நிலக்கரி இருந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின் படைகளை நகர்த்தும் தேவையும் சேர்ந்துகொண்டது. சென்னைப் பாதையின் நோக்கம் வேறு. கிழக்குக் கரையை மேற்குக் கரையோடு சேர்ப்பது, உள்நாட்டுப் பருத்தியைக் கப்பலுக்குக் கொண்டுவருவது. 1862இல் பாதை மலபார்க் கரையின் பேப்பூரைத் தொட்டுவிட்டது. அரக்கோணத்திலிருந்து வடமேற்காகப் பிரிந்த கிளை 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையைச் சந்தித்தது. இந்த வரைபடத்தில் ராயபுரம் ஒரு முனை. கப்பலிலிருந்து இறங்குகிற முனை.

ஆனால் அப்போது சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளோ சரக்கோ, மசுலா படகில்தான் கரை சேர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை அடித்தால் வளைந்து கொடுக்குமே தவிர உடையாது. அதை ஓட்டத் தெரிந்தவர்கள் ராயபுரத்துப் படகுக்காரர்கள். அவர்கள் எழுப்பியதுதான் ராயபுரத்துப் புனித பேதுரு ஆலயம். பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பார்கள். ஊர்ப் பெயரே அங்கிருந்துதான் வந்தது என்று பெரும்பாலோர் சொல்வார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த தண்டவாளமும் எஞ்சின் பாகமும் கரையேற இந்த அலைகளைத் தாண்டியாக வேண்டும். தென்னாட்டுக்கு ரயிலைக் கொண்டுவந்து இறக்கியவர்கள் படகுக்காரர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். திறப்பு விழாவைப் பற்றிய எந்தக் கட்டுரையிலும் அவர்களைப் பற்றி ஒரு வரி பார்த்ததில்லை.

மண் சுமந்தவர்களைப் பற்றி ஓரளவு தெரியும். பாதையின் தலைமைப் பொறியாளராக 1853 முதல் 1856 வரை இருந்த ஜார்ஜ் பார்க்ளே புரூஸ், கட்டாய வேலைக்கு ஆள் பிடிக்கும் வழக்கத்தை விட்டு, கூலி கொடுத்து ஆள் சேர்த்தார் என்பது அவர் வாழ்க்கைக் குறிப்புகளில் பெருமையாகச் சொல்லப்படுகிறது. கட்டாய வேலை அன்று எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பதற்கும் அதுவே ஆதாரம். இந்திய ரயில் பாதைகளைக் கட்டியவர்களைப் பற்றி 1995இல் விரிவாக எழுதிய இயன் கெர், குடும்பம் குடும்பமாக வேலைக்கு வந்த ஒட்டர் போன்ற மண்வேலைக்காரர்களையும், கூடை சுமந்த பெண்களையும் பிள்ளைகளையும் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார்.

எஞ்சினுக்கு எரிபொருள்? பக்கத்தில் நிலக்கரி இல்லை, விறகைத்தான் எரித்தார்கள். சென்னை மாகாணத்தில் வனத்துறை தொடங்கப்பட்டதும் இதே 1856இல்தான் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அதன் முதல் காப்பாளரான ஹ்யூ கிளெக்ஹார்ன், ரயில்வேக்கு வேண்டிய கட்டைகளும் விறகும் காடுகளை எப்படித் தின்கின்றன என்று எழுதியது தற்செயல் அல்ல. அந்தத் தேவைதான் சவுக்கைச் சோழமண்டலக் கரைக்குப் பரப்பியது. கடற்கரை மணலில் வரிசை வரிசையாக நிற்கும் சவுக்குத் தோப்புகள் ஆதிகாலத்திலிருந்தே இருப்பவை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ரயில் எஞ்சின்களுக்கு விறகாக்கவே 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அவற்றைப் பெருமளவில் நட்டார்கள்.

ரயில் நல்லதா கெட்டதா என்ற விவாதத்தின் மிகக் கடுமையான கட்டம் பஞ்சத்தைப் பற்றியது. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1876-78 பஞ்சத்தில் தென்னிந்தியாவில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பல மதிப்பீடுகளின் முடிவு. ராயபுரத்தில் முதல் வண்டி புறப்பட்டு அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் தானியம் கப்பல் கப்பலாகச் சென்னைக் கரையில் இறங்கியது. அதை உள்நாட்டுக்குக் கொண்டுபோக ரயில் இருந்தது. ஆனாலும் மக்கள் செத்தார்கள். சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் வெளியிட்ட பெரிய நூல் இதைக் கண்ணால் கண்டவரின் பதிவு. பாதைக்கு அவ்வளவு தானியத்தைச் சுமக்கும் திறன் இல்லை. ஸ்டேஷனில் இறங்கியதையும், ஸ்டேஷனுக்கு எட்டாத கிராமங்களுக்குக் கொண்டுபோக மாடுகள் உயிரோடு இல்லை. இவற்றையெல்லாம்விட, வாங்கக் காசு இல்லாதவனுக்கு வண்டியில் வந்த அரிசி தூரத்து அரிசிதான். வைஸ்ராயின் ஆளாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கான கூலியில் தானியத்தின் பங்கை நாளுக்கு ஒரு பவுண்டாகக் குறைத்ததும் இதே காலத்தில்தான். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு.

பஞ்சம் முடிந்ததும் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன் காட்டன் சாட்சி சொன்னார். ரயிலுக்குக் கொட்டிய பணத்தை நீர்ப்பாசனத்துக்கும் படகுக் கால்வாய்க்கும் செலவிட்டிருந்தால் பஞ்சமே வராமல் தடுத்திருக்கலாம், சரக்குக் கூலியும் குறைவாக இருந்திருக்கும் என்றார். குழு அவர் பக்கம் நிற்கவில்லை. 1880இல் வந்த பஞ்சக் கமிஷன், நாட்டுக்கு 20,000 மைல் ரயில் வேண்டும் என்ற திசையில் பேசியது. 1909இல் காந்தி 'இந்து சுயராஜ்யம்' எழுதியபோது, தானியம் விலை அதிகமுள்ள சந்தையைத் தேடி ஓடுவதற்கு ரயில்தான் காரணம், பஞ்சம் பெருகியதும் அதனால்தான் என்று குற்றம் சாட்டினார்.

இந்த நூற்றாண்டின் ஆய்வுகள் வேறு முடிவைத் தருகின்றன. பிரிட்டிஷ் கால விலைப் பதிவுகளையும் மழைப் பதிவுகளையும் ஒப்பிட்ட டேவ் டொனால்ட்சன், ரயில் வந்த மாவட்டங்களில் ஊருக்கு ஊர் இருந்த விலை வித்தியாசம் குறைந்தது, வேளாண் வருமானம் கூடியது, மழை பொய்த்தாலும் பழைய அளவுக்கு அடி விழவில்லை என்று காட்டினார். 2018இல் வெளியான அந்த ஆய்வை ஒதுக்கிவிட முடியாது. காந்தியின் குற்றச்சாட்டு அப்படியே நிற்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் சராசரி என்பது மாவட்டத்தின் சராசரி. கரையில் மூட்டை இறக்கிய கூலிக்காரனுக்கு அந்தத் தானியத்தில் எவ்வளவு கிடைத்தது என்று அதில் தேட முடியாது. காட்டனின் வாதம் இன்னொரு வகையில் உயிரோடு இருக்கிறது. எதற்குச் செலவு செய்வது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கரைக்குப் பொருந்துகிறது.

துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1861இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று வந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கட்டி முடியும் தறுவாயில் 1881 புயல் அதை உடைத்தெறிந்தது, திரும்பக் கட்டினார்கள். 1904இல் துறைமுகப் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங், நீண்ட காலம் ரயில்வே பொறியாளராக இருந்தவர். கிழக்கே பார்த்த துறைமுக வாயிலை மூடி, வடகிழக்கில் திறந்தவர் அவர். அவருக்குக் கீழ் துறைமுகமும் ரயிலும் ஒரே எந்திரத்தின் இரு பாகங்கள் ஆயின. கப்பலின் பக்கத்திலேயே வேகன் நின்றது. மசுலா படகுக்கு வேலை போயிற்று. ரயிலைக் கரையேற்றிய கைகள் ஐம்பது ஆண்டுகளில் வேண்டாதவை ஆகிவிட்டன.

துறைமுகச் சுவர்கள் இன்னொன்றும் செய்தன. நம் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்கில் தங்கியது, மெரினா அகன்றது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை; ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. நகரம் மாலைக் காற்று வாங்குகிற மணலில் ஒரு பங்கு வடசென்னைக்கு வந்து சேராத மணல். இன்று அங்கே கரை என்பது கொட்டிவைத்த கருங்கல்.

ரயிலில் ஆட்களுக்கான வாசல் இடம் மாறியதும் இதே காலத்தில்தான். 1873இல் பார்க் டவுனில் சென்ட்ரல் வந்தது. முதலில் அது இரண்டாவது நிலையம்தான். பிறகு கடற்கரைப் பாதை தெற்கே நீண்டது. 1908 தொடக்கத்தில் மெட்ராஸ் ரயில்வே சதர்ன் மராட்டா ரயில்வேயோடு சேர்ந்து எம்.எஸ்.எம். ஆயிற்று. அந்த ஆண்டுகளில் வெளியூர் வண்டிகள் ராயபுரத்தை விட்டுச் சென்ட்ரலுக்குப் போயின. தலைமை அலுவலகம் மட்டும் ராயபுரத்தில் தங்கியது; 1922இல் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் புதுக் கட்டடம் திறந்ததும் அதுவும் போய்விட்டது. ஆட்கள் சென்ட்ரலுக்கு, சரக்கு ராயபுரத்துக்கு என்று ஒரு பிரிவினை நிலைத்துவிட்டது. நகரத்தின் வடக்கும் தெற்கும் வேறு வேறு ஊர்களானதற்குச் சொல்லப்படுகிற காரணங்கள் பல. இந்தப் பிரிவினையை அவற்றில் முதன்மையான ஒன்றாக நான் வைப்பேன். வந்திறங்குகிறவர்கள் கண்ணில் படும் இடத்துக்கு விளக்கும் சாலையும் வரும். யார்டுக்குச் சுற்றுச்சுவர் வரும்.

இதற்கிடையே வடக்குப் பாதை வந்தது. கட்டக்கிலிருந்து பெசவாடா (இன்றைய விஜயவாடா) வரை கிழக்குக் கரையோரம் போடப்பட்ட பாதை 1899இல் சென்னையோடு இணைந்தது. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று இன்று கும்மிடிப்பூண்டி வண்டி நிற்கிற ஊர்களை அந்தப் பாதைதான் கோத்தது. அதற்கு முன்பு கல்கத்தா போக வேண்டுமானால் கப்பலேற வேண்டும், இல்லையென்றால் பம்பாய்ப் பக்கமாகச் சுற்ற வேண்டும். சிங்கரேணி நிலக்கரி சென்னைக்கு வர வழி பிறந்ததும் விறகு எஞ்சின்களின் காலம் முடியத் தொடங்கியது. கால்வாய்க்கோ சரிவு ஆரம்பித்தது. உப்பும் விறகும் மெல்ல மெல்ல வேகனுக்கு மாறின. இன்று கொருக்குப்பேட்டையில் அந்தக் கால்வாயைப் பார்க்கிறவர்கள், அதில் பாய்மரப் படகு போயிற்று என்றால் நம்ப மாட்டார்கள்.

சுதந்திரத்துக்கு முன்பும் பின்பும் ஆலைகள் இந்தப் பாதையைத் தேடி வந்தன. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்ட். திருவொற்றியூரில் 1955இல் என்ஃபீல்டு. 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் விம்கோ நகர் என்று ஒரு ஸ்டேஷனின் பெயராகவே நிலைத்துவிட்டது. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969இலும், எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இலும் வந்தன. இந்த ஆலைகளின் காலத்தைப் பற்றிப் பேசும்போது நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுவரை இந்தக் கரைக்குச் செலவை மட்டுமே வைத்த பாதை, இப்போது சம்பளத்தையும் கொண்டுவந்தது. ஷிப்டுக்கு வண்டியேறிப் போன தலைமுறை தன் பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளத்தில்தான். தொழிற்சங்கம், படிப்பகம், கால்பந்து, குத்துச்சண்டை என்று வடசென்னைக்கு ஒரு தனிப் பண்பாடு ஊறியதும் அதனால்தான்.

பிறகு நிலக்கரியின் காலம். பெல்லாரி, ஹோஸ்பேட்டிலிருந்து ரயிலில் வந்த இரும்புத் தாது 1970களிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியது. வெளியிலிருந்து கப்பலில் வந்த நிலக்கரி வேகனேறியது. அந்தத் தூசி ராயபுரத்து வீடுகளின் கொடியில் காயும் துணியில் படிந்தது. பிள்ளைகளின் நெஞ்சுக்குள்ளும் போயிற்று. மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் தாதுவும் கையாள்வது நின்றது. அது ராயபுரத்துக்குக் கிடைத்த நியாயம், சந்தேகமே இல்லை. ஆனால் நிலக்கரி போன இடம் எங்கே? அதே பாதையில் வடக்கே, 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகத்துக்கு. ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டிய கரி ரயிலில் பாரதீப் போய், அங்கே கப்பலேறி எண்ணூரில் இறங்குகிறது. ஒரு பங்கு வடசென்னை அனல் மின் நிலையத்துக்கு. ஒரு பங்கு மறுபடி வேகனேறி மேட்டூருக்கு. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் இறால் பிடித்தவர்களின் அலையாத்தியில் சாம்பல் படிந்தது.

சென்ட்ரல், எழும்பூருக்கு அடுத்த மூன்றாவது ரயில் முனையத்தை ராயபுரத்தில் அமைக்க வேண்டும் என்ற கோரிக்கையை இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இடம் இருக்கிறது, நான்கு திசைப் பாதையும் பக்கத்தில் இருக்கிறது என்று வடசென்னை அமைப்புகள் ஆண்டுக்கணக்காகக் கேட்டன. முனையம் தாம்பரத்துக்குப் போயிற்று. பழைய கட்டடத்தை 2005 வாக்கில் புதுப்பித்தார்கள், சென்னையின் வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா போன்றவர்கள் அதற்காக விடாமல் எழுதினார்கள். கட்டடத்தைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்குள் ஆட்கள் வந்துபோக வேண்டும் என்ற கோரிக்கை பழம்பெருமைப் பேச்சு ஆகாது. 1907ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்துக்கொண்டு போன ஒன்றைத் திரும்பக் கேட்பது அது. விம்கோ நகர் வரை 2021இல் மெட்ரோ வந்ததை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். இந்தப் பகுதியில் சரக்குக்கென்று அல்லாமல், ஆட்கள் போய்வருவதற்கென்றே பெரும் பணம் செலவிட்டுப் போட்ட பாதை அது.

இன்னும் எழுதப்படாதது நிறைய இருக்கிறது. இந்திய ரயில் வரலாறு கம்பெனியின் பங்குகளையும் பாலங்களின் தூண்களையும் நன்றாக எண்ணிவிட்டது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பொதுப்பணித்துறையின் ரயில்வே தொகுதிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. 1890களில் வடக்குப் பாதைக்காக நிலம் எடுத்தபோது கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை யார் யாருடைய தோட்டங்களும் உப்பளங்களும் போயின, என்ன விலை கொடுத்தார்கள் என்று அவற்றோடு வருவாய்த்துறைப் பதிவுகளையும் வைத்து ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். காகிதத்தில் இல்லாததற்கு ஆட்கள் இருக்கிறார்கள். தண்டையார்ப்பேட்டை யார்டில் பாயின்ட்ஸ்மேனாகவும், ராயபுரம் லோகோ ஷெட்டில் பிட்டராகவும், தண்டவாளத்தில் கேங்மேனாகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இன்னும் அந்தத் தெருக்களில் வசிக்கிறார்கள். எந்த வேகனில் என்ன வந்தது, எந்த ஆண்டு எது நின்றது என்று அவர்களுக்குத் தெரியும். ராயபுரம் வார்ஃபுப் பக்கம் போனால், தாத்தா மசுலா படகு ஓட்டினார் என்று சொல்கிற வீடுகளையும் தேடிப் பார்க்கலாம்.